ஆற்று முகத்து ஊர்கள்

இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் பழைய வீட்டைச் சுட்டி, இதில் முன்பு யார் குடியிருந்தார் என்று வினவினால், பெரும்பாலும் அவ்வூர்த் தேவாலயத்துப் பதிவேடு விடை கூறும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்து வைக்குமாறு 1538-ஆம் ஆண்டில் அங்கு ஆணை பிறந்தது. ஏழை உழவன் பெயரும் அதில் ஏறிற்று.

நம் ஊர்களில் அத்தகைய ஏடு உண்டா? முக்காணியில் தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து, தென்கரையிலுள்ள ஆத்தூருக்கு நான் சென்றபோது இவ்வினாவே என் மனத்தில் இருந்தது. அங்குள்ள சோமநாதர் கோயிலில் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கோயிற் சுவரே நமக்குப் பதிவேடு. ஆயினும் இவ்வேட்டில் இடம் பெறுவதற்கு ஒரு விலை உண்டு. நிலமோ, பொன்னோ, விளக்கெரிக்க ஆடோ அளித்தவன் பெயரே பெரும்பாலும் கல்லில் ஏறும். இக்கரைக்குச் செல்வம் தந்ததோ முத்து. அதனைக் கடலடியிலிருந்து எடுத்தவன் பெயரை எங்கே தேடுவது?

ஆற்றின் வடபால் உள்ளது கொற்கை. பாண்டியரின் பழந்துறையாகிய அவ்வூர், ஆறு கொணர்ந்த வண்டலால் இன்று கடலைவிட்டுச் சில மைல் உள்ளே கிடக்கிறது. நாணயம் அடித்த அக்கசாலையின் பெயரை அங்கொரு பிள்ளையார் கோயில் இன்றும் தாங்கி நிற்கிறது. அங்கே முத்துக்குளிக்கத் தண்டனை பெற்ற குற்றவாளிகளை இறக்கினர் என்று, முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலாகிய பெரிப்ளூஸ் குறிக்கிறது. பெயர் ஒன்றேனும் இல்லை.

கடல் விலகவே, துறை காயலுக்குப் பெயர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதனைக் குறித்து எழுதிய மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகளோடு வந்த கப்பல்களைக் கூறுகிறார். மக்கள் ஓயாது ஓர் இலையை மென்றதையும் வியந்து எழுதுகிறார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலையை அறிந்தவர்க்கு அதில் வியப்பில்லை! அந்நகரின் மாளிகைகள் எங்கே? 19-ஆம் நூற்றாண்டில் அங்கு ஆராய்ந்த கால்டுவெல், இரண்டு மூன்று மைல் தொலைவுக்கு உடைந்த ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளுமே பரந்து கிடந்தன என்கிறார்.

பின்னர்ப் புன்னைக்காயல் துறையாயிற்று. போர்த்துக்கீசியத் துறவி அன்றீக்கு அடிகளார் அங்கு வாழ்ந்து தமிழ் கற்றார். இக்கரைக் கிறித்தவர்கள் தம் மொழியிலேயே படிக்குமாறு அவர் இயற்றிய நூல்கள் அச்சேறின. அவற்றுள் முதலாவது 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. 1600-இல் அவர் மறைந்தார். அவர் பெயர் நிலைத்தது. அவருக்குத் தமிழ் பேசிக் காட்டியவர்களுள் எத்தனை பேரை நாம் அறிவோம்?

தூத்துக்குடிக் கடலில் இறுதி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அன்று இருபது வயதில் மூழ்கியவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். மாணவர்களே, கடலோரத் தெருக்களில் அவர்களுட் சிலரை இன்னும் காணலாம். எந்தத் தோணியில் சென்றார், கயிறு பிடித்தவர் யார், அப்போது எத்தெருவில் குடியிருந்தார் என்று கேட்டு எழுதிக்கொள்வதற்கு ஒரு மாலைப்பொழுதும் ஒரு குறிப்பேடும் போதும்.