தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு



பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். ஓவியமும் சிற்பமும் வடிவமைப்பும் கற்பிக்கும் ஒரு கலைக் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவுக்கு என்னை ஏன் அழைத்தார்கள் என்று உங்களில் சிலர் யோசிக்கலாம். உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்க வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது என்ன வேலை என்பதைச் சொல்வதற்கு முன் நம் ரயில் பாதையைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன்.

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். தென்னிந்தியாவில் மின்சாரத்தில் ஓடிய முதல் ரயில் அதுதான். சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை வந்த பிறகுதான், குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் குடியிருந்துகொண்டு பட்டணத்தில் வேலை பார்க்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. அதே பாதையை நம்பித்தான் கல்லூரிகளும் தெற்கே வந்தன. இன்றைய ஜார்ஜ் டவுனில் 1837இல் ஒரு பள்ளியாகத் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, சரியாக நூறு ஆண்டு கழித்து 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. கலைஞர்களும் தெற்கே போனார்கள். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். பாடிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் வாங்கிய நிலம் அது. 1996இல் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

தொண்ணூறு ஆண்டுகளாக இந்த ஊரின் கலையும் கல்வியும் தெற்கு நோக்கியே நகர்ந்திருக்கின்றன. அதற்கான காரணங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடம் கிடைத்தது, மரம் இருந்தது, வாடகை கட்டுப்படியானது. ஆனால் அந்த ரயிலுக்கு இன்னொரு முனையும் இருக்கிறது. கடற்கரை நிலையத்தில் இறங்கினால் ஜார்ஜ் டவுன். அங்கே மாடி முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடுகளும், அரசமரம் வேர்விட்ட கைப்பிடிச் சுவர்களும், கீழே கடை நடக்க மேலே புறா குடியிருக்கும் கிடங்குகளும் ஏராளம். நீங்கள் அங்கே போக வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். சுற்றிப் பார்க்கப் போகச் சொல்லவில்லை, குடியேறி வேலை செய்யப் போகச் சொல்கிறேன்.

இது புதுமையான யோசனை என்று நினைக்காதீர்கள். இந்த ஊரில் நவீனக் கலைக்கல்வி பிறந்ததே அந்தப் பக்கம்தான். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் 1850இல் தன் சொந்த முயற்சியில் ஓவியப் பள்ளியைத் தொடங்கியது பிராட்வேயில், அதாவது இன்றைய பிரகாசம் சாலையில். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பெரியமேட்டில் இன்றும் சிவப்புச் செங்கலில் நிற்கும் அரசு கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சி. செனட் ஹவுஸைக் கட்டிய ராபர்ட் சிஷோம் சில காலம் அதன் பொறுப்பில் இருந்தார். 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியரானார். அவருக்குப் பின் 1957இல் பணிக்கர் வந்தார்.

அந்த வளாகத்தில் என்னென்ன வேலை நடந்தது என்று பாருங்கள். நம் வீட்டு அடுப்படியில் பல தலைமுறையாகப் புழங்கிய அலுமினியப் பாத்திரத்துக்கு இந்தியாவில் வழி போட்டது அந்த ஓவியப் பள்ளி. பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898இல் அங்கேதான் அலுமினியத்தில் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் ராய் சௌத்ரி. அதற்குக் கல்லூரியின் காவலாளியும் ஒரு மாணவரும் மாதிரியாக நின்றார்கள் என்று சொல்வார்கள். பாத்திரமும் செய்தார்கள், சிலையும் செய்தார்கள். ஆட்கள் தினமும் வந்து போனார்கள், ஒழுகிய கூரையை யாரோ கவனித்தார்கள், உடைந்த சன்னலை யாரோ மாற்றினார்கள். ஒரு கட்டடம் நூறு, நூற்றைம்பது ஆண்டு தாக்குப்பிடிப்பதன் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஆள் புழங்காத கட்டடம் வேகமாக அழியும். என் அனுபவத்தில் இதற்கு விதிவிலக்கு பார்த்ததில்லை. ஆள் புழங்கினால் கட்டடம் பிழைக்கும் என்பதற்குச் சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மகாலைப் பாருங்கள். அது 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. கூரை போய் வெறும் சுவராக நின்றது. அதை மீட்டுக் கட்டிய பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு அங்கே வந்தது. வழக்கு நடக்கும் இடத்தில் விளக்கெரியும், பெருக்குவார்கள், ஒழுகினால் புகார் எழுதுவார்கள். இன்னும் பக்கத்தில் உதாரணம் வேண்டுமென்றால் பல்லாவரத்துக்குப் போங்கள். மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைக் கோயில் ஒன்று அங்கே இருக்கிறது, ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமை. அவனுடைய பட்டப்பெயர்களைப் பொறித்த கல்வெட்டும் உண்டு. இன்று அது தர்கா. வழிபடுவோர் மாறினாலும் வழிபாடு நிற்கவில்லை.

சரி, ஒரு கலைஞர் பழைய வீட்டுக்குள் எப்படிப் போக வேண்டும்? சுவரில் படம் வரைவது கடைசி வேலை. முதல் வேலை அண்ணாந்து பார்ப்பது. ஜார்ஜ் டவுன் வீடுகளின் தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின் மேல் மெல்லிய தளச் செங்கலைக் குத்துவாக்கில், மூலைவாட்டாக, சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, நாள் கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. கம்பியும் இல்லை, சிமெண்டும் இல்லை. மேலே ஒழுக்கு நின்று, கட்டை முனை சுவருக்குள் உளுத்துப் போகாமல் இருந்தால் அந்தத் தளம் உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை இருக்கும்.

சுவரும் அப்படித்தான். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஓதம் அதன் வழியே வெளியேறிவிடும். அழகாக இருக்கட்டும் என்று அதன் மேல் சிமெண்ட் பூசி, எனாமல் பெயிண்டும் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்புப் பூக்கும், செங்கல் பொடியாகும், சில மழைக்காலத்துக்குள் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பால் செத்த சுவர்கள் இந்த ஊரில் நிறைய. ஆகவே முதலில் ஒரு மூத்த கொத்தனாரைத் தேடுங்கள், சுண்ணாம்பு வேலை தெரிந்தவரை. அவர் பக்கத்தில் சில மாதம் சித்தாளாக நில்லுங்கள். சுண்ணாம்பு எத்தனை நாள் ஊற வேண்டும், கரண்டியில் எப்படி ஒட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருடைய கைக்குத் தெரியும். கடுக்காய் வாங்க ராசப்பச் செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைகள் போதும். ஓவியம் தீட்டும் கைக்கு இந்தப் பயிற்சி தாழ்வில்லை. சுவரோவியம் படித்தவர்களுக்குத் தெரியும், நல்ல சுவர் இல்லாமல் நல்ல ஓவியம் இல்லை.

அடுத்தது ஆபத்து. கிளாஸ்கோ ஸ்கூல் ஆஃப் ஆர்ட்டின் மெக்கின்டாஷ் கட்டடம் உலகக் கட்டடக் கலையின் பெருமைகளில் ஒன்று. 1909இல் முடிந்த அந்தக் கட்டடம் 2014இல் தீப்பிடித்தது. ஒரு நுரை டப்பாவிலிருந்து கசிந்த வாயு, காட்சிக்கு வைத்திருந்த புரொஜெக்டரின் சூட்டில் பற்றிக்கொண்டது. மாணவர்கள் இறுதியாண்டுக் கண்காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். மீட்கும் பணி நடந்துகொண்டிருந்தபோதே 2018இல் இன்னொரு பெருந்தீ வந்து அதை முழுக்கவே சிதைத்தது. ஓவியர்களிடம் டர்பண்டைன் உண்டு, தின்னர் உண்டு, வெல்டிங் உண்டு. தீயணைப்பு வண்டி நுழையாத சந்துகள் ஜார்ஜ் டவுனில் உண்டு. எனவே குடியேறும் நாளில் பூசை போடுவதற்கு முன் ஒயரிங்கை மாற்றுங்கள். கல்லும் அச்சு இயந்திரமும் கீழ்த்தளத்தில் இருக்கட்டும். மெட்ராஸ் டெரஸ் மேல் பாரம் ஏற்றாதீர்கள். மேல்மாடியில் வரையுங்கள், அங்கே வெளிச்சமும் நன்றாக இருக்கும்.

மூன்றாவது விஷயம் அக்கம்பக்கம். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் என்ற கல்லூரி, 1917இல் கட்டிய ஒரு வங்கிக் கட்டடத்தை எடுத்து, 2006இல் அதன் பெரிய கூடத்தில் தன் நூலகத்தைத் திறந்தது. சவான்னா நகரில் 1978இல் உருவான கலைக் கல்லூரி, பழைய படைக்கலக் கட்டடம் ஒன்றில் தொடங்கி, இடிபாட்டில் கிடந்த பல கட்டடங்களை வாங்கிச் சீர்செய்தது. இரண்டுமே பாராட்ட வேண்டிய முயற்சிகள். ஆனால் கலைஞர்கள் ஓரிடத்துக்கு வந்தால் பின்னாலேயே காபிக் கடை வரும், பிறகு வாடகை ஏறும், கடைசியில் அங்கே பிழைத்தவர் வெளியேறுவார். இது உலகமெங்கும் நடப்பது. ஜார்ஜ் டவுன் பாழடைந்த ஊர் என்று நினைத்துப் போனால் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனமும், தங்கசாலையில் நகையும் காலையிலிருந்து இரவு வரை கைமாறிக்கொண்டிருக்கின்றன. மூட்டை தூக்குபவர் நடைபாதையில் தூங்கும் தெரு அது. அங்கே புதிதாக வருபவர் நீங்கள்தான். உங்கள் காகிதத்தை அந்தத் தெருவிலேயே வாங்குங்கள், உங்கள் அச்சு வேலையை அங்கேயே கொடுங்கள், கடைக்காரர் பெயர்ப்பலகை கேட்டால் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுங்கள். ராய் சௌத்ரி பக்கத்தில் இருந்த காவலாளியைத்தான் மாதிரியாக நிறுத்தினார் என்ற கதை உண்மையாக இருந்தால், அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

நடைமுறைக்கு வருகிறேன். பாரம்பரியக் கட்டடங்கள் என்று நீதிபதி பத்மநாபன் குழு பட்டியலிட்டவை 467. பட்டியலில் இடம்பெறாத சாதாரண வீடுகள் அதைப்போலப் பல மடங்கு, அவற்றைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். பல வீடுகள் கூட்டுக் குடும்பச் சொத்து வழக்கில் கிடக்கின்றன. சிலவற்றின் உரிமையாளர்களுக்கு இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட ஆசை, ஆனால் தெரு குறுகல் என்பதால் அனுமதி கிடைக்காது. அவர்களிடம் போய்ப் பாரம்பரியம் என்று சொற்பொழிவு செய்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். கணக்கோடு போங்கள். கட்டடத்தை அளந்து, வரைந்து, எங்கே ஒழுகுகிறது, எங்கே உளுத்திருக்கிறது, பழுதுபார்க்க என்ன செலவு என்று ஒரு கோப்பு செய்து கையில் கொடுங்கள். மாடியைக் குறைந்த வாடகைக்குக் கேளுங்கள், பழுதுச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வழக்கமான பதினொரு மாத ஒப்பந்தம் இதற்கு உதவாது. ஐந்தாண்டாவது வேண்டும், பதிவு செய்ததாக இருக்க வேண்டும், யார் எதைப் பழுதுபார்ப்பது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஐந்தாறு பேர் சேர்ந்தால் வாடகை தாங்கும். சோழமண்டலத்துக்காரர்களும் சேர்ந்துதானே சம்பாதித்தார்கள், சேர்ந்துதானே நிலம் வாங்கினார்கள்?

கல்லூரி நிர்வாகத்திடமும் ஒரு விண்ணப்பம். வளாகத்துக்குள் புதிய மாடி எழுப்புவதற்கு முன், வடக்கே ஒரு பழைய வீட்டின் ஒரு தளத்தையாவது வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு பருவம் அங்கே வகுப்பு நடக்கட்டும். அளவெடுப்பதும் சுண்ணாம்பு குழைப்பதும் பாடத்திட்டத்தில் மதிப்பெண்ணோடு வரட்டும். கொத்தனாருக்கு வருகைதரு ஆசிரியர் என்ற பெயரும் அதற்குரிய ஊதியமும் கிடைக்கட்டும்.

பெற்றோர்களே, பிள்ளை ஓவியம் படித்துவிட்டுச் சுண்ணாம்பு குழைக்கப் போகிறேன் என்று வந்து நின்றால் பயப்படாதீர்கள். பழைய கட்டடங்களைச் சீர்செய்யும் வேலை இந்த ஊரில் பெருகிக்கொண்டிருக்கிறது, அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள்தான் குறைவு. கை வேலையும் கண்ணும் சேர்ந்து பழகியவருக்கு அதில் சோறு உண்டு, மரியாதையும் உண்டு.

பட்டதாரிகளே, அடுத்த மாதத்துக்குள் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நண்பர்கள் நான்கு பேர் சேருங்கள், ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள், அதில் ஒரே ஒரு வீட்டை அடித்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை அளந்து வரையுங்கள். அந்த வரைபடத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மாடி வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த வீடு. எங்காவது ஒரு கதவு திறந்தால் என்னையும் கூப்பிடுங்கள், ஒழுக்கு பார்க்கக் கட்டணம் வாங்காமல் வருகிறேன்.