மாப்பிள்ளையின் மோதிரம்

 

 

ஷவ்வால் பிறந்துவிட்டால் நம் சோளிங்கரிலும், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஊர்களிலும் மங்னியும் நிக்காஹும் தொடர்ந்து நடைபெறுகின்றன. அப்படியொரு மங்னிக்கு நாள் குறித்துவிட்ட தந்தை ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் என்னைச் சந்தித்தார். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்பில் கூலி வேலை செய்பவர். மாப்பிள்ளைக்கு அரைப் பவுனில் மோதிரம் போட வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் கேட்டிருக்கின்றனர். மாப்பிள்ளை தொழுகையாளி, தங்கம் அணிய மறுக்கிறார். “ஹஜ்ரத், வெள்ளைத் தங்கத்தில் போட்டுவிடுங்கள், அது மஞ்சளாக இல்லையே என்று மாப்பிள்ளையின் மாமா சொல்கிறார். கூடுமா?” என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வீட்டுக்காரியின் வளையலை அடகு வைத்துத்தான் வாங்க வேண்டும்” என்றார்.

2025 டிசம்பரில் சென்னையில் ஒரு பவுன் ஆபரணத் தங்கம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அரைப் பவுன் என்று வாயால் சொல்வது எளிது. தோல் ஷாப்பின் ஈரத்தில் நிற்பவருக்கு அது எத்தனை மாத உழைப்பு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அவருடைய கேள்விக்கு வருவோம். வெள்ளைத் தங்கம் என்பது தனி உலோகம் அன்று. தங்கத்தோடு நிக்கலையோ பல்லேடியத்தையோ கலந்து நிறத்தை வெளுக்கச் செய்கிறார்கள். பெரும்பாலும் அதன்மேல் ரோடியம் முலாம் பூசுகிறார்கள். சில ஆண்டுகளில் முலாம் தேய்ந்தால் உள்ளிருக்கும் மங்கிய மஞ்சள் வெளிப்படும். பதினெட்டு காரட் என்றால் நான்கு கிராமில் மூன்று கிராம் சுத்தத் தங்கம். மோதிரத்தின் உட்புறத்தில் 750 என்ற முத்திரை அதைத்தான் சொல்கிறது. பெயரும் நிறமும் மாறியதால் சட்டம் மாறாது. ஆண்களுக்கு அது ஹராமே.

பிளாட்டினம் வேறு. அது தங்கம் அன்று; அதில் 950 என்ற முத்திரை இருக்கும். டைட்டானியம், டங்ஸ்டன் ஆகியவற்றிலும் இப்போது மோதிரங்கள் வருகின்றன. இவற்றை ஆண்கள் அணியலாம் என்று இக்காலத்து உலமாக்கள் பலர் கூறுகின்றனர். ஆனால் நம் வட்டாரத்தில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபினர். ஆண்களுக்கு வெள்ளி மோதிரம் மட்டுமே, அதுவும் ஒரு மிஸ்கால் எடைக்குள், அதாவது சுமார் 4.37 கிராமுக்குள் இருக்க வேண்டும். இரும்பு, செம்பு, பித்தளை மக்ரூஹ் என்பது நம் ஃபுகஹாக்களின் கருத்து. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஷாஃபிஈ ஊர்களில் சம்பந்தம் செய்பவர்கள், இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இரும்பு மோதிரத்தை மக்ரூஹ் அன்று எனக் கூறியிருப்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். இதை வைத்து இரு வீட்டாரும் சண்டையிட இடமில்லை. வெள்ளியில் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள்; அதை எடுத்துக்கொள்வது பேணுதலானது.

வெள்ளி என்றால் மாப்பிள்ளைக்குக் குறைவாகிவிடுமோ என்று பெண் வீட்டார் அஞ்சுகின்றனர். ரோம, பாரசீக மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் ஏற்க மாட்டார்கள் என்று கூறப்பட்டதால், நபி (ஸல்) அவர்கள் செய்துகொண்டது வெள்ளி மோதிரம்தான். அதில் அவர்களுடைய திருப்பெயர் மூன்று வரிகளில் பொறிக்கப்பட்டிருந்தது. அவர்களுக்குப் பின் அபூபக்ர், உமர், உஸ்மான் (ரலி) ஆகிய கலீஃபாக்களின் கைக்கு அது வந்தது. உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் அரீஸ் கிணற்றில் விழுந்துவிட, மூன்று நாட்கள் தேடியும், நீரை இறைத்தும் கிடைக்கவில்லை. மன்னர்களுக்கு முத்திரையிட்ட உலோகம் நம் மாப்பிள்ளைக்குக் குறைவா?

கல் பதிக்கலாமா என்றும் கேட்கின்றனர். பதிக்கலாம். நபி (ஸல்) அவர்களின் மோதிரத்தில் அபிசீனியக் கல் இருந்ததாக அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு உண்டு. அகீக், ஃபிரோஜா, மாணிக்கம் எதுவாயினும் சரி. செயற்கை மாணிக்கமும் கூடும். அது நெடுங்காலமாக அறியப்பட்ட பொருள், இயற்கைக் கல்லின் அதே சேர்மானம். இயற்கை என்று சொல்லி விற்பதுதான் மோசடி. ஆனால் ராசி பார்த்துக் கல் வாங்குவது, இந்தக் கல் போட்டால் தொழில் பெருகும், கழற்றினால் தாம்பத்தியம் கெடும் என்று நம்புவது ஈமானுக்கே ஆபத்தானது. அகீக் அணிந்தால் பரக்கத் என்று கடைகளில் சொல்லப்படும் செய்தியை ஹதீஸ் கலை அறிஞர்கள் ஆதாரமற்றது என்று ஒதுக்கியுள்ளனர்.

சகோதரர்களே! ஒரு பெண்ணை மணக்க விரும்பிய ஏழைத் தோழர் ஒருவரிடம், அவளுக்குக் கொடுக்க ஓர் இரும்பு மோதிரமாவது கிடைக்கிறதா என்று தேடிப் பார்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய செய்தியை ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். அவரிடம் உடுத்திய வேட்டியைத் தவிர வேறில்லை. அதுவும் கிடைக்காமல் திரும்பினார். கடைசியில் அவர் மனனம் செய்திருந்த குர்ஆனைக் கொண்டு அந்த நிக்காஹ் நடந்தது. மஹரின் குறைந்த அளவு பத்து திர்ஹம், ஏறத்தாழ 30.6 கிராம் வெள்ளி என்பது ஹனஃபிகளின் சட்டம். எனவே அந்த மோதிரத்தை முன்பணமாகக் கொடுக்கும் பகுதி என்று நம் இமாம்கள் விளக்குகின்றனர். நான் கவனிக்கச் சொல்வது வேறு. அங்கே மோதிரம் தேடி அலைந்தவர் மாப்பிள்ளை. இங்கே அலைபவர் பெண்ணின் தகப்பனார்.

மங்னி மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் விரலைப் பிடித்து ஒருவர் மோதிரம் மாற்றுவதும், அதைப் படம் பிடிப்பதும் நம் ஊர்களிலும் நுழைந்துவிட்டன. ஈஜாப் கபூல் முடியும்வரை இருவரும் அந்நியரே. பெண்ணுக்கு மாமியாரும், மாப்பிள்ளைக்கு அவர் தந்தையும் அணிவித்தால் போதும்.

அந்தத் தந்தையுடன் நானே சம்பந்தி வீட்டுக்குச் சென்றேன். மாமா சற்று முகம் சுளித்தார். மாப்பிள்ளையோ, “நான்கு கிராம் வெள்ளி போதும், அதையும் நானே வாங்கிக்கொள்கிறேன்” என்றார். வளையல் அடகுக்குப் போகவில்லை.

ஏற்கெனவே தங்க மோதிரம் வாங்கி அணிந்திருப்பவர்கள் இந்த ஜும்ஆவிலும் இருக்கலாம். அதை மனைவிக்குக் கொடுக்கலாம், விற்கலாம், பொருள் வீணாகாது. ஒரு தோழரின் கையிலிருந்த தங்க மோதிரத்தை நபி (ஸல்) அவர்கள் கழற்றி எறிந்துவிட்டுச் சென்றபோது, அதை எடுத்துப் பயன்படுத்திக்கொள் என்று மக்கள் அவரிடம் கூறினார்கள். அல்லாஹ்வின் தூதர் எறிந்ததை ஒருபோதும் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். மோதிரம் அங்கேயே கிடந்தது.