கலிங்கில் அடுக்கிய மூட்டை

மீன் வளர்ப்பில் லாபம் எவ்வளவு என்று பேசச் சொன்னார்கள். நான் போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்றேன். லாபக் கணக்கு அதுக்குள்ளேயே வந்துரும்.

எங்கள் குழுவில் 12 பேர். குத்தகைக்கு எடுத்த பட்டா நிலத்தில், ஓடையை மறித்துப் போட்ட பழைய மண் கரை ஒன்று இருக்கிறது. உயரம் 9 அடி. அங்கிருந்து குழாய் வழியாகக் கீழே 2 குளத்துக்குத் தண்ணீர். கடன் வாங்கிக் குளம் வெட்டி, கட்லா, ரோகு, மிருகால் சேர்த்து 1,200 குஞ்சு விட்டோம். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிருகால் அடியில். ஒன்றோடு ஒன்று தீனிக்குச் சண்டை போடாது. நாங்க அப்படியில்லை.

சித்திரையில் தண்ணீர் பத்தாதே என்று பயம். கலிங்கை ஒன்றரை அடி உயர்த்திக்கலாம்னு கூட்டத்தில் சொன்னது நான்தான். தீர்மானம் எழுதி, 12 பேரும் கையெழுத்துப் போட்டு, மணல் மூட்டை அடுக்கினோம்.

ராத்திரி முழுக்க மழை. விடிகாலையில் போய்ப் பார்த்தா, கரை உச்சிக்கு ஒரு சாண் கீழே தண்ணி நிக்குது. கரையின் வெளிப்பக்க அடியில் ஊற்று. நீர்ப்பாய்ச்சித் தாத்தா கையில் அள்ளிப் பார்த்தார். "தெளிவா கசிஞ்சா பார்த்துக்கலாம் ஆத்தா. இது கலங்கி வருது. கரை மண்ணு உள்ளேயிருந்து கரையுது. மூட்டையை எடுங்க" என்றார்.

எடுத்தால் கலிங்குத் தண்ணீர் கீழ்க்குளத்தை மூழ்கடிக்கும், மீன் போய்விடும். எங்களுக்குள்ளேயே சத்தம். "தவணையை யாரு கட்டுறது?" என்று ஒரு அக்கா அழுதார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் கரைக்கு நேர் கீழே 4 வீடு. அதில் ஒன்று அந்த அக்கா வீடு. முதலில் வீட்டு ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். பிறகு மூட்டையை மேலிருந்து அடுக்கடுக்காக எடுத்தோம்.

கசிந்த இடத்தைக் களிமண் அப்பி அடைக்க ஓடினோம். தாத்தா விடவில்லை. வெளிப்பக்கம் அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடுமாம். முதலில் மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி, கல். தண்ணி வரலாம், மண்ணு வரக்கூடாது. மதியத்துக்குள் ஊற்று தெளிந்தது.

கீழ்க்குளத்து மீன் போச்சு. வயலில் துள்ளின கட்லாவைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை. மேல்குளத்து மீனைத் தையில் விற்றதில் கடன் பாதிகூட அடையவில்லை.

மாசியில் தண்ணீரை வடித்துவிட்டுத் தோண்டினோம். குத்தகை எடுத்த வருஷம், கரையில் நின்ற வேலிக்கருவையை விறகுக்கு வெட்டிட்டு வேரை விட்டுட்டோம். மக்கிப்போன வேரும் நண்டு வளையும் சேர்ந்து தண்ணிக்குப் பாதை போட்டிருக்கு. வேரை எடுத்து, களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, நனைத்து இடித்து நிரப்பினோம். இப்போது கரையில் அருகம்புல் மட்டும்தான்.

மீன் போகாமல் கலிங்கில் வலை கட்டலாமேன்னு கேட்பீங்க. செத்தை வந்து அடைச்சா அதுவும் மூட்டைதான்.

இந்த வருஷம் 800 குஞ்சு விட்டிருக்கிறோம். குழுவில் 2 பேர் விலகிட்டாங்க. அன்று அழுத அக்கா விலகவில்லை. கலிங்குப் பொறுப்பு இப்போ அவங்ககிட்டதான் இருக்கு.