விலை கொடுத்தவள் சந்திரமதி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டையொட்டிப் பொரளையில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பொரளையில் கனத்தை மயானத்தைக் கடக்கும்போதெல்லாம் எம்மில் பலருக்கு ஒரு நாடகம் நினைவுக்கு வரும்: அரிச்சந்திர மயான காண்டம். நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நின்று பாடியதை யாழ்ப்பாணத்தில் விடிய விடியப் பார்த்த எங்கள் தாய்மார், அந்தக் கதையை அழுதுகொண்டே எமக்குச் சொன்னார்கள். "உண்மை பேசு" என்பதே நாம் எடுத்துக்கொண்ட பாடம். சிறுவயதில் இக்கதையை நாடகமாகப் பார்த்த காந்தியடிகளும் அதே பாடத்தைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஆனால், அது சொல்லாமல் சொல்லும் பாடங்களும் உண்டு. வாக்குக் கொடுத்தவன் அரிச்சந்திரன். விலைபோனவர்கள் மனைவி சந்திரமதியும் மகன் லோகிதாசனும். மார்க்கண்டேய புராணத்தில், தன்னை விற்கும்படி மனைவியே முன்வந்து சொல்கிறாள். நல்ல மனைவி என்பவள் கேட்குமுன்னரே தன்னைக் கொடுத்துவிடுவாள் என்பதல்லவா இதன் உட்பொருள்?

பாம்பு தீண்டி இறந்த பிள்ளையை நள்ளிரவில் தனியே சுமந்து வருகிறாள். மயானக் கூலி கேட்பவன் அவளுடைய கணவன். அவளை அவன் அறிந்துகொள்வது முகத்தாலோ குரலாலோ அல்ல, அவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலியால். தாலி இல்லாவிட்டால் அவள் யார்?

இன்னொன்றும் உண்டு. மயானம் காக்கும் தொழிலை, அரசனுக்கு நேர்ந்த பேரிழிவாக நாடகம் காட்டுகிறது. தலைமுறை தலைமுறையாக அத்தொழிலைச் செய்தவர்கள் அந்தச் சபையின் ஓரத்தில் இருந்து பார்த்திருந்தால், அவர்கள் எதற்காக அழுதிருப்பார்கள்?

இது எமது கதைகளுக்கு மட்டும் உரிய குறையன்று. ஷேக்ஸ்பியரின் 'த டேமிங் ஒவ் த ஷ்ரூ' நாடகத்தில், மனைவியைத் "திருத்த" அவளைப் பட்டினி போடுகிறான் கணவன், உறங்கவும் விடுவதில்லை. அது நகைச்சுவை நாடகம்! அதைத் தழுவி 1963இல் சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்த 'அறிவாளி' வந்தது. நாமும் சிரித்தோம். எமது நாட்டின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமோ, உடலில் காயம் படாத மனத்துன்புறுத்தலையும் வன்முறை என்கிறது. சட்டம் மாறிவிட்டது. சிரிப்பு மாறியதா?

இதை ஏன் இந்த விழாவில் பேசுகிறோம்? தாங்க முடியாமல் பிறந்த வீட்டுக்கு வந்து, "சந்திரமதி படாத பாடா? பொறுத்துப் போ பிள்ளை" என்ற புத்திமதியுடன் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எம்மிடையேயும் இருக்கிறார்கள். மேடையில் வாள் மாலையாகிறது; இறந்த பிள்ளை எழும்புகிறான். வீட்டில் அப்படி நடப்பதில்லை.

அதற்காக இந்த நாடகங்களை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. வைரமுத்துவின் பாட்டைக் கேட்டால் இன்றும் எமக்குக் கண் கலங்கும். கலங்கட்டும். ஆனால், பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் நாடகமோ படமோ பார்த்து முடிந்ததும், ஒரு கேள்வியை மட்டும் கேட்போம்: "இந்த நல்ல முடிவுக்கு விலை கொடுத்தது யார்?"

கேள்வி கேட்கத்தானே இப்பாடசாலை எம்மைப் பழக்கியது.