கோப்பிக்காலத்து வங்கியும் கொழுந்துக்காலத்துக் கணக்கும்



மலைநாட்டின் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர், 1869-ஆம் ஆண்டில் கோப்பி இலையின் அடியில் மஞ்சளாகப் படியத் தொடங்கிய அந்தப் பூஞ்சை நோய் பத்துப் பதினைந்து வருஷங்களுக்குள் தோட்டம் தோட்டமாகப் பரவி ஒரு பெருந்தொழிலையே நாசமாக்கியதையும், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867-இல் பத்தொன்பது ஏக்கரில் நட்டுவைத்த தேயிலை அதன் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டதையும் விஸ்தாரமாகச் சொல்வார்கள். கோப்பியோடு ஒரு பெரிய வங்கியும் மாண்டுபோனதை மட்டும் அவர்கள் ஏனோ ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இன்று நான் பேச வந்தது அந்த ஒரு வரியைப் பற்றியே.

லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு, 1851-இல் அரச சாசனமும் பெற்று, இலங்கையில் தன் பெயரிலேயே நாணய நோட்டுக்களை வெளியிட்டுவந்த ஓரியண்டல் வங்கி, நம்முடைய கோப்பித் தோட்டங்களின் பேரிலும் மொரிஷியஸ் தீவின் கரும்புத் தோட்டங்களின் பேரிலும் தாராளமாகக் கடன் கொடுத்திருந்தது. கோப்பிச் செடியின் நோயை மலையேறி வந்த எவரும் கண்ணால் கண்டார்கள். அந்தச் செடியை நம்பிக் கொடுத்த கடன் எவ்வளவு, அதில் திரும்பி வராதது எவ்வளவு என்பதோ பேரேட்டுக்குள்ளேயே இருந்தது. 1884 மே மாதம் 3-ஆம் தேதி வங்கி கொடுக்கல் வாங்கலை நிறுத்திக் கதவைச் சாத்தியபோது, அதன் நோட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுக்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்ததனால் பெரும் பீதி தணிந்தது; அதே வருஷத்து 32-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் நோட்டு வெளியிடும் அதிகாரமும் அரசாங்கத்தின் கைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அந்த உத்தரவாதம் நோட்டுக்கு மட்டுந்தான். வங்கியில் பணத்தை வைப்பிலிட்டிருந்தவர்களுக்கு அது எட்டவில்லை.

தோட்டத் தொழிலாளிக்கு அக்காலத்தில் வங்கியோடு நேரான சம்பந்தம் ஏது என்று கேட்கலாம். வங்கி துரைக்குக் கடன் கொடுக்கும். துரை பெரிய கங்காணிக்கு முற்பணம் கொடுப்பார். கங்காணி அதைத் தொழிலாளியின் பேரில் கடனாக எழுதிக்கொள்வார். லண்டனில் இருந்த பணிப்பாளர்களின் முகத்தையோ பெயரையோ அறியாத ஒருவன், அவர்களுடைய அவதானக் குறைவின் பலனை இந்த மலைகளில் இருந்துகொண்டு அநுபவித்தான்.

நான்கு வருஷம் கழித்து, 1888-இல், ஹட்டனில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர் இருவர் ஒரு சிறிய வங்கியைத் தொடங்கினர். அந்த ஹட்டன் வங்கிதான் 1970-இல் ஹட்டன் நஷனல் வங்கியாக உருவெடுத்து, இன்று நாடெங்கும் கிளை பரப்பியிருக்கிறது. மலையில் பிறந்த ஒரு ஸ்தாபனம் கொழும்பில் கோபுரம் கட்டி அமர்ந்திருப்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை இருக்கத்தான் செய்கிறது.

ஓரியண்டல் வங்கியின் வீழ்ச்சி எழுப்பும் கேள்விக்கு வருவோம்: வங்கியை நடத்துபவரைக் கண்காணிப்பவர் யார், அப்படிக் கண்காணிப்பவர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதைத்தான் இந்நாளில் கூட்டாண்மை ஆளுகை என்கிறார்கள். இலங்கை மத்திய வங்கி 2002-இல் இதற்கென ஓர் ஒழுக்கக் கோவையை வெளியிட்டு, விரும்பினால் பின்பற்றுங்கள் என்று வங்கிகளின் மனச்சாட்சிக்கே விட்டது. ஐந்து வருஷத்தில் அந்தப் பெருந்தன்மை போதாது என்று கண்டதாலோ என்னவோ, 2007-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கப் பணிப்புரையால் அதைக் கட்டாயமாக்கிற்று. பணிப்பாளர் சபையில் ஏழு பேருக்குக் குறையாமலும் பதின்மூன்று பேருக்கு மேற்படாமலும் இருக்கவேண்டியிருந்தது. தவிசாளரும் பிரதம நிறைவேற்று அதிகாரியும் ஒருவராக இருத்தல் ஆகாது என்றது. நிறைவேற்றுப் பதவி வகிக்காத பணிப்பாளர் ஒன்பது வருஷத்துக்கு மேல் தொடரக் கூடாது என்றது. பணிப்பாளர்களுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் வங்கி கொடுத்த கடன் மூலதனத்தில் எத்தனை வீதம் என்பதை ஆண்டறிக்கையில் வெளியிடவேண்டும் என்றும் விதித்தது. இந்தக் கடைசி விதி ஒன்று மாத்திரம் செவ்வையாக நிறைவேறினாலே பாதி வியாதி தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

விதி வந்ததும் உண்மை வந்துவிடுமா? அந்தப் பணிப்புரை நடைமுறைக்கு வந்த 2008-ஆம் ஆண்டின் கடைசி மாதத்திலேயே, செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்த கோல்டன் கீ என்னும் கடனட்டை ஸ்தாபனம் பொதுமக்களிடம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க இயலாமல் வீழ்ந்தது. அதே குழுமத்தின் செலான் வங்கி வேறு ஸ்தாபனம், அதன் கணக்கும் வேறு கணக்கு. ஆயினும் இரண்டுக்கும் இடையே என்ன உண்டு, என்ன இல்லை என்று தெளிவாக அறியாத ஜனங்கள் தங்கள் வைப்பை மீட்க வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். டிசம்பர் 29-ஆம் தேதி மத்திய வங்கி பணிப்பாளர் சபையை நீக்கி, நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. செலான் வங்கி பிழைத்துக்கொண்டது, இன்றும் நடக்கிறது. உறவுகளையும் கடன்களையும் அமைதியான காலத்திலேயே விளக்கிச் சொல்லிவைத்த வங்கிக்கு, நெருக்கடியில் வதந்தியோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் அவ்வளவாக இராது.

இதெல்லாம் பங்குச் சந்தைக்காரர் விவகாரம், கொழுந்து பறிப்பவளுக்கு என்ன என்று நேயர் யாரேனும் நினைத்தால், அந்தப் பெண்ணின் சம்பளச் சீட்டையே எடுத்துப் பார்க்கச் சொல்வேன். 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவர் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டும், தோட்ட நிர்வாகம் தன் பங்காக நூற்றுக்குப் பன்னிரண்டும் ஊழியர் சேமலாப நிதியத்துக்குச் செல்கின்றன. அந்த நிதியம் ஹட்டன் நஷனல் வங்கி, கொமர்ஷல் வங்கி முதலியவற்றின் பெரிய பங்குதாரர்களுள் ஒன்று. ஆகவே தலவாக்கலையில் கூடை சுமக்கும் அம்மா, தான் அறியாமலே வங்கிக்குச் சொந்தக்காரியும் ஆகிறார். நிதியத்தின் பணத்தை முதலீடு செய்வதும் மத்திய வங்கி, அவ்வங்கிகளை மேற்பார்வை செய்வதும் மத்திய வங்கி என்பது தனியே ஆராயத் தக்க விஷயம். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

இந்தச் சொந்தக்காரிக்கு வங்கி என்ன சொல்கிறது? காலாண்டுக் கணக்குகளைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மூன்று பாஷைப் பத்திரிகைகளிலும் சுருக்கமாக வெளியிடவேண்டும் என்று 2007-ஆம் ஆண்டின் அந்தப் பணிப்புரை விதித்தது. வங்கிகளும் பொடி எழுத்தில் வெளியிடுகின்றன. ஆனால் 2022 ஏப்ரலில் அரசாங்கம் தன் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியபின், அரசின் டொலர்ப் பிணைமுறிகளை வைத்திருந்த வங்கிகள் எவ்வளவு நஷ்டத்துக்கு இடம் ஒதுக்கின, எந்த அநுமானத்தில் ஒதுக்கின என்பது வங்கிக்கு வங்கி வேறுபட்டது. அந்த வேறுபாட்டின் காரணத்தை இலக்கங்களுக்குப் பக்கத்தில் நாலு வாக்கியத்தில் எழுதியிருந்தால், கணக்காய்வாளர் அல்லாதவர்களும் விளங்கிக்கொண்டிருப்பார்கள்.

சட்டம் கேட்காத இன்னொரு கணக்கும் உண்டு. ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலைக் கிளைகளில் திரட்டிய வைப்பில் அந்த ஊர்களுக்கே கடனாகத் திரும்பியது எவ்வளவு? நகை அடகில் மீட்க முடியாமல் ஏலம் போனது எத்தனை? லயத்து வீட்டுக்கு உறுதி இல்லாத காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை? அமெரிக்காவில் வீட்டுக் கடன் எந்தப் பகுதிக்கு எவ்வளவு போயிற்று என்பதை வங்கிகள் வெளியிடவேண்டுமென்று 1975-இலேயே சட்டம் செய்தார்கள். ஏழை வட்டாரங்களின் வைப்பை வாங்கிக்கொண்டு கடனை வேறிடத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்ற முறைப்பாடு அதற்கு முன்னரே எழுந்திருந்தது. இங்கே அத்தகைய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிளைவாரிக் கணக்கு ஒவ்வொரு வங்கியின் கணினியிலும் இருக்கிறது, ஆண்டறிக்கையில் அதற்கு ஒரு பக்கம் போதும். அடுத்த ஆண்டறிக்கை அச்சுக்குப் போகுமுன், மலைநாட்டுத் தொழிற்சங்கங்கள் தங்கள் அங்கத்தவர்களின் சேமலாப நிதியை முன்னிட்டு அந்த ஒரு பக்கத்தை எழுத்துமூலம் கேட்கலாம்.