கரைவெட்டியில் கழிவுநீருக்குத் தடை

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ளது. புள்ளம்பாடி வாய்க்கால் வழியே காவிரித் தண்ணீர் வருகிறது. 1999இல் பறவைகள் சரணாலயமான இந்த ஏரி, 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ராம்சார் தலங்களில் சுத்திகரிக்காத கழிவுநீரைக் கலப்பதற்கு 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் தடை விதிக்கின்றன. ஆலைக்கு மட்டுமல்ல, ஊர்ச் சாக்கடைக்கும் இது பொருந்தும். அதுதான் இவ்விதியின் பலம். சாக்கடையிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு உரமாகின்றன. பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும். பரந்த கடலில்கூட, கப்பல்கள் சுத்திகரிக்காத கழிவுநீரைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம் என்கிறது கப்பல்களால் வரும் மாசைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கை. கரை சூழ்ந்த ஏரியில் அத்தகைய தூரம் ஏது? இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து இறங்குவதும் கரைவெட்டியின் இந்த நீரில்தான்.