டிராக்டர் பாட்டரியைக் கோடையில் காப்பது எப்படி?

(காவிரிப் பாசனப் பகுதியில் வேளாண் கருவி வாடகைக் குழுவினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சம்பா அறுவடை முடிந்து நெல்லும் வைக்கோலும் வீடு வந்து சேர்ந்ததும், டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நாம் ஓய்வு கொடுத்துவிடுகிறோம். மேட்டூர் அணையைத் திறப்பதற்கு வழக்கமான நாளாகிய ஜூன் 12 நெருங்கும் வரை அவை கொட்டகையில் நிற்கின்றன. வண்டிக்கு இது ஓய்வுக் காலம். ஆனால் அதிலுள்ள பாட்டரிக்கு ஓய்வென்பதே கிடையாது. இந்த ஓர் உண்மையை எடுத்துச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

சென்ற ஆண்டு நமது ஒன்றியத்தில் ஒரு குழுவின் டிராக்டர், வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளன்று கிளம்ப மறுத்துவிட்டது. பாட்டரியைக் கழற்றி மின்னேற்றம் செய்து பார்த்தார்கள். அது மின்சாரத்தை ஏற்கவில்லை. புதியது வாங்கிப் பொருத்துவதற்குள் மூன்று நாட்கள் கழிந்தன. பணச் செலவு ஒருபுறமிருக்க, அந்த டிராக்டரையே நம்பியிருந்த சிறு விவசாயிகளின் நாற்றங்கால் உழவு தாமதப்பட்டதே பெரிய நஷ்டம். அந்தப் பாட்டரியை ஒருவரும் கெடுக்கவில்லை. நான்கு மாதம் அதை ஒருவரும் கவனிக்கவில்லை, அவ்வளவே.

இது ஏன் நேர்கிறது? மண்பானையில் ஊற்றிய நீர், எவரும் மொள்ளாமலே கசிந்து குறைவதை நாம் அறிவோம். பாட்டரியிலுள்ள மின்சக்தியும் அவ்வாறே குறைகிறது. அதனுள் ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தகத் திராவகமும் இருக்கின்றன. வண்டி ஓடாதபோதும் இவற்றினிடையே ரசாயன மாற்றம் மெல்ல நடந்துகொண்டேயிருக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். நமது வண்டிகள் நிற்கும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களோ ஆண்டிலேயே கடும் வெயிற்காலம். மின்னேற்றம் குறைந்த நிலையில் பாட்டரியை நெடுநாள் விட்டுவைத்தால், தகடுகளில் ஈய சல்பேட்டு என்னும் உப்பு கெட்டியாகப் படிந்துவிடும். அதன்பின் எவ்வளவு மின்னேற்றம் செய்தாலும் பழைய வலிமை திரும்புவதில்லை.

ஆகவே வண்டியை நிறுத்தும் நாளிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். டிரெய்லரின் பின்விளக்குக் கம்பியைப் பிரித்துவிடுங்கள். பிறகு பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலிலும் நேர்முனைக் கம்பியை அடுத்தும் கழற்றுங்கள். எதிர்முனை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைந்திருப்பதால், வரிசை மாறினால் ஸ்பானர் சட்டத்தில் பட்டுத் தீப்பொறி பறக்கக்கூடும். மீண்டும் பொருத்தும்போது எதிர்முனை கடைசியாக வரவேண்டும். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் படிவத்தைச் சோடா மாவு கரைத்த நீரால் துடைத்து, உலர்ந்தபின் வாசலின் தடவுங்கள். அந்த நீர் பாட்டரிக்குள் புகாதபடி மூடிகள் இறுக மூடியிருக்கட்டும். பிறகு முழு மின்னேற்றம் செய்து, வெயில் படாத, காற்றோட்டமுள்ள, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பின்னர் மாதம் ஒருமுறை வோல்ட்மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மின்னேற்றம் முடிந்து சில மணி நேரம் கழித்து அளந்தால், நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் பாட்டரி 12.6 அல்லது அதற்கு மேல் காட்டும். அது 12.4-க்குக் குறைந்தால் உடனே மின்னேற்றம் தேவை. பாட்டரியின் ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதுமானது. 80 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு 8 ஆம்பியர். அவசரப்பட்டு அதிக மின்சாரம் செலுத்தினால் தகடுகள் சூடேறிக் கெடும். சாதாரணச் சார்ஜரை மாட்டிவிட்டு நாட்கணக்கில் மறந்துவிடுவதும் தவறே. நிரம்பியதும் தானாகவே மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் சார்ஜரை மட்டுமே தொடர்ந்து இணைத்து வைக்கலாம்.

மூடி திறக்கும் வகைப் பாட்டரியில் தகடுகள் எப்பொழுதும் மூழ்கியிருக்க வேண்டும். மின்னேற்றம் முடிந்தபின், குறித்த மட்டம் வரை காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். திராவகத்தை ஊற்றவே கூடாது.

இனி மிக முக்கியமான ஒன்று. மின்னேற்றத்தின்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பற்றக்கூடியது. நமக்குத் தெரிந்த ஓர் இளைஞர், நீர் மட்டத்தைப் பார்ப்பதற்காகத் தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்தார். பாட்டரி வெடித்துத் திராவகம் முகத்தில் தெறித்தது. அருகிலிருந்த அவருடைய தாயார் சற்றும் தாமதியாமல் தண்ணீரை ஊற்றிக் கொண்டேயிருந்ததால் கண் தப்பியது. ஆதலால் கதவு சன்னல்களைத் திறந்து வைத்து மின்னேற்றம் செய்யுங்கள். பீடி, சிகரெட், விளக்கு எதுவும் அருகில் வேண்டாம். சார்ஜரின் சுவிட்சை நிறுத்திய பிறகே கம்பிகளை மாட்டவோ கழற்றவோ வேண்டும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிவது நலம். கண்ணில் திராவகம் பட்டால் குறைந்தது 15 நிமிடம் நல்ல நீரால் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பயனற்றுப்போன பாட்டரியை உடைத்து ஈயத்தை உருக்குவது குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கே கேடு விளைவிக்கும். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதற்கு இடமளிக்கவில்லை. புதியது வாங்கும்போது பழையதைக் கடைக்காரரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.

இவை யாவும் பெரிய படிப்போ பெருஞ்செலவோ வேண்டாத காரியங்கள். எல்லாருடைய பொறுப்பு என்று விட்டால் அது எவருடைய பொறுப்பும் ஆகாது. எனவே ஒவ்வொரு குழுவும் இன்றே ஒருவரை நியமித்து, மாதந்தோறும் கண்ட வோல்ட் அளவைக் கணக்குப் புத்தகத்திலேயே குறித்துவரச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். அடுத்த முறை வாய்க்காலில் தண்ணீர் வரும் காலையில் உங்கள் டிராக்டர் தடையின்றிக் கிளம்பி வயலில் இறங்கட்டும்.